ஒரு தேக்கரண்டி விளக்கெண்ணெயும் எங்கள் ஊர்க் குளமும்

பெருமை பிடித்தவர்களைக் கடவுள் தனியாகக் கூப்பிட்டுத் தண்டிப்பதில்லை. முதலில் வேடிக்கை பார்க்க ஆள் சேர்க்கிறார். பிறகுதான் தண்டிக்கிறார். எனக்கு அவர் சேர்த்துக் கொடுத்தது ஏறக்குறைய ஒரு முழு ஊர். (அதில் பாதிப் பேர் சொந்தக்காரர்கள். அந்நியர் முன்னால் பட்ட அவமானம் ஒரு வாரத்தில் மறந்துவிடும். சொந்தக்காரர் முன்னால் பட்டது பேரன் பேத்தி காலம் வரை கூட வரும்.)

யுத்தம் முடிந்து கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. எனக்கு இருபத்திரண்டு வயது. திருச்சியில் ஒரு பெண்கள் கல்லூரியில் ரசாயனம் படித்துவிட்டு அங்கேயே டெமான்ஸ்ட்ரேட்டராக இருந்தேன். மாணவிகள் உடைத்துப் போடும் கண்ணாடிக் குழாய்களைக் கூட்டி அள்ளுகிற உத்தியோகத்துக்கு அப்படி ஒரு பெயர். ஆனால் அரியலூருக்கும் தா.பழூருக்கும் நடுவில் இருந்த எங்கள் ஊரில் விசாரித்தால் கதையே வேறு. "எம் பொண்ணு ஒரு நாளு லீவு போட்டா அந்தக் காலேஜுல அடுப்பு எரியாது" என்று அப்பா சொல்லி வைத்திருந்தார்.

என் காலத்துப் பெண்கள் பலர் படிப்புக்காக அப்பாவோடு சண்டை போட்டிருக்கிறார்கள். எனக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. எள்ளும் கம்பும் கொஞ்சம் நெல்லும் விளைவித்துக்கொண்டிருந்த அப்பா, நான் கேட்பதற்கு முன்பே என்னைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிட்டார். நான் அவரோடு போட்ட சண்டையெல்லாம், கொஞ்சம் மெதுவாகப் பெருமைப்படச் சொல்லித்தான். அந்தக் குணத்தில் ஒரு படி கூடவே எனக்கும் வந்திருந்தது என்பதை அப்போது நான் கவனிக்கவில்லை.

என்னைப் பிடித்து ஆட்டிய விஷயம் தண்ணீர் மேல் எண்ணெய். சிரிக்க வேண்டாம். ஒரு சொட்டு எண்ணெயைச் சுத்தமான தண்ணீரில் விட்டால் அது பரவும். எதுவரை பரவும்? எண்ணெயின் மூலக்கூறுகள் ஒன்றன் மேல் ஒன்று ஏறி நிற்காமல், எல்லாமே தண்ணீரைத் தொட்டுக்கொண்டு ஒரே அடுக்காக நிற்கும்வரை. அந்த மூலக்கூறின் ஒரு முனைக்குத் தண்ணீர் பிடிக்கும். மறுமுனைக்குத் தண்ணீர் ஆகவே ஆகாது. அதனால் ஒரு முனையைத் தண்ணீரில் ஊன்றி மறுமுனையைத் தூக்கிக்கொண்டு, நாற்று நட்ட வயல் மாதிரி அடர்ந்து நிற்கும். விட்ட எண்ணெய் எவ்வளவு என்று தெரியும். அது பரவிய பரப்பை அளந்து வகுத்தால், கிடைப்பது அந்த ஒற்றை அடுக்கின் தடிமன். அதாவது, எந்தப் பூதக்கண்ணாடிக்கும் அகப்படாத ஒரு மூலக்கூறின் உயரத்தை ஒரு கரண்டியும் ஒரு கயிறும் வைத்துக்கொண்டு பிடித்துவிடலாம்.

கல்லூரியில் இதைத் தட்டில் செய்தார்கள். எனக்குத் தட்டு போதவில்லை. விடுமுறைக்கு ஊருக்குப் போயிருந்தபோது ஒரு திங்கட்கிழமை மத்தியானம், ஆள் நடமாட்டம் இல்லாத நேரத்தில், எங்கள் ஊர்க் குளத்தில் ஒரு தேக்கரண்டி விளக்கெண்ணெயை விட்டேன். காற்றில் சிலிர்த்துக்கொண்டிருந்த தண்ணீர், எண்ணெய் பட்ட இடத்திலிருந்து இஸ்திரி போட்ட வேட்டி மாதிரி வழுவழுவென்று விரிந்துகொண்டே போயிற்று. கரையோரமாகக் கயிறு பிடித்து அளந்தோம். மறுமுனையைப் பிடித்தவர் அப்பாதான். ஏறக்குறைய ஐம்பது சென்ட் வந்தது. மணலில் குச்சியால் கணக்குப் போட்டேன். ஓர் அங்குலத்தை ஒரு கோடி துண்டாக்கினால் அதில் ஒரு துண்டு.

"கோடியில ஒண்ணா?" என்றார் அப்பா. "அதையா நம்ம கொளத்துல புடிச்ச?"

"ஆமாம்ப்பா."

அவர் குளத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். அப்புறம் யாரிடமாவது சொல்ல வேண்டும் என்று ஊருக்குள் வேகமாக நடந்தார்.

அந்த வருஷக் கடைசியில் மெட்ராஸிலிருந்து ஒரு பேராசிரியர் பரீட்சை நடத்தத் திருச்சிக்கு வந்தார். மூலக்கூறுகள் மேற்பரப்புகளில் எப்படி ஒட்டுகின்றன, எப்படிப் பரவுகின்றன என்பதுதான் அவருடைய ஆராய்ச்சி. அவரிடம் ஓர் ஆராய்ச்சி மாணவருக்கு இடம் இருந்தது. ஒரே ஓர் இடம். போட்டிக்கு நாங்கள் இரண்டு பேர். மற்றவர் ஒரு கெட்டிக்கார இளைஞர். கரித்தூள் எப்படிச் சாயத்தை இழுத்துத் தன் மேல் ஒட்டவைத்துக்கொள்கிறது என்று மாதக்கணக்கில் அளந்தவர். அவருடைய அட்டவணைகள் முத்துக் கோத்த மாதிரி இருந்தன. என்னிடம் இருந்தது ஒரு குளம்.

பேராசிரியர் என் நோட்டைப் புரட்டிவிட்டு மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "குளத்துல தூசி இருக்கும், இலை இருக்கும், மீன் துள்ளும். அதுல மூலக்கூறை அளந்தேன்னு சொன்னா யாரும்மா நம்புவா?"

நல்ல பெண்ணாக இருந்தால் இந்த இடத்தில் தலையைக் குனிந்திருக்க வேண்டும். "நீங்களே வந்து பாருங்க சார்" என்றேன். "இந்தச் சனிக்கிழமை எங்க ஊருக்கு வாங்க. கண்ணால பார்த்துட்டு நம்புங்க."

அவரும் வீம்புக்காரர்தான் போலிருக்கிறது. வருகிறேன் என்றுவிட்டார். அவர் பார்த்து நம்பினால் இடம் எனக்கு. இல்லாவிட்டால் கரிக்காரருக்கு. இப்படி அவர் வாய்விட்டே சொன்னார்.

அன்றே அப்பாவுக்கு ஒரு கார்டு எழுதினேன். சனிக்கிழமை காலை பேராசிரியர் குளத்தைப் பார்க்க வருகிறார். வியாழன் முதல் குளத்தில் மாடு குளிப்பாட்ட வேண்டாம். துணி வெளுக்க வேண்டாம். பாத்திரம் துலக்க வேண்டாம். ஆட்டுக்கடாவைக் கழுவ வேண்டாம். (எவ்வளவு முன்யோசனை பாருங்கள், ஆட்டுக்கடா வரைக்கும் போயிருக்கிறேன்.) கார்டில் இன்னும் ஒரு வரிக்கு இடம் இருந்தது. வீணாக்குவானேன் என்று, "வருகிறவர் மிகப் பெரிய மனிதர்" என்று எழுதி நிரப்பினேன். அந்த ஒரு வரிதான் என்னைக் கவிழ்த்தது.

சனிக்கிழமை விடியற்காலை ரயிலில் பேராசிரியரோடு கிளம்பி அரியலூரில் இறங்கினேன். அங்கிருந்து பஸ். அப்போதெல்லாம் பெட்ரோல் தட்டுப்பாட்டினால் பஸ்ஸின் முதுகில் ஓர் அடுப்பைக் கட்டி, கரியை எரித்து, அந்தப் புகையில் வண்டியை ஓட்டினார்கள். மேடு வந்தால் வண்டி பெருமூச்சு விட்டு நின்றுவிடும். எல்லோரும் இறங்கித் தள்ள வேண்டும். பேராசிரியரும் தள்ளினார். ஊர் போய்ச் சேர்ந்தபோது அவருடைய வெள்ளைக் கோட்டு முழுக்கக் கரி. என் போட்டியாளர் நேரில் வராமலே முந்திக்கொண்டுவிட்டாரோ என்று எனக்குக் கொஞ்சம் பயமாக இருந்தது.

குளத்தங்கரையில் இறங்கியதும் பயம் போய்விட்டது. ஊரே நின்றது. மேளம் நின்றது, மாலை நின்றது, தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு பழம் நின்றது. எல்லாவற்றுக்கும் முன்னால் அப்பா, பெட்டியிலிருந்து எடுத்த மடிப்புக் கலையாத வேட்டியில். கூட்டத்தைப் பார்த்து எனக்கே ஆச்சரியம். ஒருவர் பாக்கி இல்லாமல் முகம் மினுமினுவென்று இருந்தது. பெண்கள் தலையில் நுனி முடிச்சும் பூவும். ஆண்கள் தலை படிய வாரி, கழுத்தில் துண்டு போட்டிருந்தார்கள். நம் ஊர் சனங்கள் இத்தனை லட்சணமா என்று எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. (ஏன் லட்சணமாக இருக்கிறார்கள் என்று ஒரு நிமிஷம் யோசித்திருக்கலாம். யோசிக்கிற வேலைக்குத்தான் என்னை எடுக்க வந்திருந்தார்கள்.)

"மாடு ஒண்ணுகூட எறங்கலத்தா" என்று அப்பா என் காதில் சொன்னார். "ரெண்டு நாளா நானே காவ காத்தேன்."

குளத்தைப் பார்த்தேன். பனை ஓலைகள் சலசலத்தன. பேராசிரியரின் அங்கவஸ்திரம் படபடத்தது. ஆனால் தண்ணீர் மட்டும் முகம் பார்க்கிற கண்ணாடி மாதிரி அசையாமல் கிடந்தது. "பாருங்க சார், எவ்வளவு அமைதியான தண்ணி!" என்று வேறு காட்டினேன். இவ்வளவு காற்றில் தண்ணீர் சிலிர்க்காமல் இருக்கிறதே, ஏன் என்று கேட்க வேண்டியவள் நான். அதற்காகவே இரண்டு வருஷம் படித்தவள். எனக்குத் தோன்றியதெல்லாம், சுவாமி நம் பக்கம் இருக்கிறார் என்பதுதான்.

பிறகு ஒரு பிரசங்கம் செய்தேன். அதை இங்கே எழுத எனக்குத் தைரியம் இல்லை. "கண்ணுக்குத் தெரியாததைக் கரண்டியால் அளக்கப் போகிறேன்" என்று அதில் ஒரு வரி வந்தது என்பதோடு விட்டுவிடுகிறேன். மேளக்காரர் அந்த இடத்தில் ஒரு அடி போட்டார்.

கரையோரத்துக் கல்லில் குனிந்து, கரண்டியை மெல்லச் சாய்த்தேன். எண்ணெய் தண்ணீரைத் தொட்டது. வட்டமாக உருண்டு, நெற்றியில் வைத்த பொட்டு மாதிரி அப்படியே உட்கார்ந்துவிட்டது.

காத்திருந்தேன். ஊரும் காத்திருந்தது. பொட்டு நகரவில்லை.

"பரவலியேடி" என்றாள் செல்லம்மா அத்தை. அப்பாவின் தங்கை. ஊரில் எல்லோரும் மனதில் நினைப்பதைச் சத்தமாகச் சொல்வது அத்தையின் வழக்கம்.

"கொஞ்ச நேரம் ஆகும் அத்தை" என்றேன். இரண்டாவது கரண்டி விட்டேன். பக்கத்தில் இன்னொரு பொட்டு. மூன்றாவது கரண்டிக்கு மூன்றாவது பொட்டு. எண்ணெய் பரவினால் மேலே கிடக்கிற தூளை ஓரத்துக்குத் தள்ளும்; அதைப் பார்க்க முகப்பவுடர் ஒரு டப்பா வாங்கி வந்திருந்தேன். அதைத் தூவினேன். பவுடர் விழுந்த இடத்திலேயே படுத்துத் தூங்கியது. பேராசிரியர் கோட்டுப் பையிலிருந்து கடிகாரத்தை எடுத்து, திரும்பிப் போகிற பஸ்ஸுக்கு நேரம் பார்த்தார்.

அப்பாவால் பொறுக்க முடியவில்லை. "இத்தனூண்டு ஊத்துனா இம்மாம் பெரிய கொளத்துல எப்பிடித்தா பரவும்?" என்று கேட்டுக்கொண்டே வீட்டுக்கு ஓடினார். நான் "அப்பா, வேண்டாம்" என்று கத்திக்கொண்டிருக்கும்போதே, செக்கில் ஆட்டிய எங்கள் வீட்டு நல்லெண்ணெயில் ஒரு தகர டின்னைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்து, மகளின் எதிர்காலத்துக்காக அதை மொத்தமாகக் குளத்தில் கவிழ்த்தார். தண்ணீர் மேல் மஞ்சளாகத் திட்டுத் திட்டாக மிதந்தது. என் பரிசோதனை முழுவதும் கண்ணுக்குத் தெரியாத அளவு மெல்லிய எண்ணெயைப் பற்றியது என்பதை நீங்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

"ஏண்ணே, உனக்குப் புத்தி கெட்டுப் போச்சா?" என்று அத்தை தலையில் அடித்துக்கொண்டாள். "நேத்துலேர்ந்து ஊரு பூராத் தலையில ஊத்துன எண்ணெ பத்தலைன்னா இதை வேற கொண்டாந்து ஊத்தற?"

நான் அத்தை பக்கம் திரும்பினேன். "என்ன எண்ணெ அத்தை?"

"என்ன எண்ணெயா? பெரிய மனுசன் வராரு, அழுக்குத் தலையோட நிக்கலாமான்னு ஒங்கப்பாதான் வூடு வூடா எண்ணெ குடுத்தாரு. நேத்து வெள்ளிக்கெழமை பொம்பளைங்க பூரா தேச்சு முங்கினோம். இன்னிக்கி விடியக்காலம் ஆம்பளைங்க. இந்தக் கொளத்துலதான். வேற எங்க முங்குறது?"

பெண்களுக்கு வெள்ளி, ஆண்களுக்குச் சனி. நல்ல காரியத்துக்கு முன்னால் தலைக்கு எண்ணெய். பிறந்ததிலிருந்து எனக்குத் தெரிந்த வழக்கம் அது. மாட்டைத் தடுத்தேன், துணியைத் தடுத்தேன், ஆட்டுக்கடாவைத் தடுத்தேன். மனிதர்களைத் தடுக்க வேண்டும் என்று தோன்றவில்லை. முதல் தடவை திங்கட்கிழமை, தப்பித்தேன். இந்தத் தடவை நானே சனிக்கிழமையாகப் பார்த்து நாள் குறித்திருந்தேன்.

இரண்டு நாளாக ஊர்த் தலைகள் அத்தனையிலிருந்தும் இறங்கிய எண்ணெய், ஒரு மூலக்கூறு உயரத்துக்குக் குளம் முழுவதும் இடைவெளி இல்லாமல் நின்றுகொண்டிருந்தது. அதனால்தான் தண்ணீர் கண்ணாடியாகக் கிடந்தது. அதனால்தான் என் எண்ணெய்க்கு நிற்க இடம் இல்லை. ஒரு வகையில் என் கொள்கை பிரமாதமாக நிரூபணமாகிவிட்டது. எனக்கு முன்னால் ஊரே அதைச் செய்து முடித்திருந்தது.

அப்பாவின் முகத்தைப் பார்த்தேன். நாற்று நட்ட வயல் கதையை அவருக்கு நான்தான் சொல்லியிருந்தேன். அவர் கெட்டிக்காரர். காலி டின்னைக் கீழே வைத்தார்.

"நட்ட வயல்லயாத்தா உன்னை நடச் சொன்னேன்?" என்றார். குரல் இறங்கிவிட்டது. அவர் குரல் இறங்கி அன்றுதான் கேட்டேன்.

எல்லாம் அப்பா கெடுத்தது என்று சொல்ல வார்த்தை நாக்கு நுனி வரை வந்தது. உண்மையும் அதுதான். சொல்லியிருந்தால் பேராசிரியர் என்னைப் பரிதாபமாகப் பார்த்துவிட்டு இன்னொரு நாள் வந்தாலும் வந்திருப்பார். ஆனால் இரண்டு நாளாகத் தூங்காமல் குளத்துக்குக் காவல் இருந்த மனிதர், மடிப்பு வேட்டியெல்லாம் எண்ணெயாக, ஊர் முன்னால் நின்றுகொண்டிருந்தார். என்னால் முடியவில்லை.

"தப்பு என்னுது சார்" என்றேன். "தண்ணீர் மேல் ஏற்கெனவே எண்ணெய் இருக்கு. பரவ இடமில்லை. முதல்ல மேற்பரப்பு சுத்தமான்னு பார்த்திருக்கணும். பார்க்காம பேசிட்டேன்."

பேராசிரியர் கரி படிந்த கோட்டைத் தட்டிவிட்டுக்கொண்டார். "காரணம் சொல்றது சுலபம்மா. தோத்தவா எல்லாருமே காரணம் சொல்லுவா. காட்ட முடியுமா? பஸ்ஸுக்கு இன்னும் ரெண்டு மணி நேரம் இருக்கு."

என் கண் தன்னால் தெருக்கோடிப் பக்கம் போயிற்று. அங்கே ஊரார் குடிக்கிற நல்லதண்ணிக் குளம் இருந்தது. கால் நனைக்கக்கூட யாரையும் விடமாட்டார்கள்.

"அந்தப் பக்கம் பாத்தே, கண்ண நோண்டிருவேன்" என்றாள் அத்தை. பேராசிரியரையும் சேர்த்து ஒரு முறை முறைத்தாள்.

"இதே குளத்துல எண்ணெயை ஒரு பக்கமா ஒதுக்கினா போதும்" என்று நான் முணுமுணுத்தேன். "தட்டுல அட்டையை வச்சு வழிச்சுத் தள்ளுவோம். இவ்வளவு பெரிய அட்டைக்கு எங்கே போறது?"

அப்பா நிமிர்ந்தார். "ஒதுக்கணுமா? பாசி ஒதுக்கற மாதிரியா?"

எங்கள் குளத்தில் பாசி மண்டிவிட்டால் வைக்கோலில் தொடை கனத்துக்குப் பிரி முறுக்கி, இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்கு மிதக்கவிட்டு, இரண்டு பக்கமும் ஆட்கள் பிடித்து இழுப்பார்கள். பாசி மொத்தமும் ஒரு மூலைக்கு ஒதுங்கும். வருஷா வருஷம் நான் பார்த்த வேலை. எனக்குத் தோன்றவில்லை. அவருக்குத் தோன்றியது.

"வைக்கோலை எடுங்கடா!" என்று அவர் போட்ட சத்தத்தில் மேளக்காரர் மேளத்தைக் கீழே வைத்துவிட்டு ஓடினார். அரை மணி நேரத்தில் பிரி தயார். ஒரு கரைக்கு இருபது பேராக நின்று, காற்று வருகிற பக்கத்திலிருந்து இழுக்க ஆரம்பித்தார்கள். "ஏலேலோ" வேறு.

பிரி நகர்ந்தது. பிரிக்கு முன்பக்கம் குளம் பழையபடி கண்ணாடியாகவே இருந்தது. பின்பக்கம், சுத்தமான தண்ணீர் வெளியே வந்ததும், காற்றுப் பட்டுச் சிலுசிலுவென்று சிற்றலை எழுந்தது. ஒரே குளம், ஒரே காற்று. ஒரு பக்கம் உறைந்து கிடக்கிறது, ஒரு பக்கம் சிலிர்க்கிறது. நடுவில் வைக்கோல். கண்ணுக்குத் தெரியாத அந்த ஒற்றை அடுக்கு, தன்னுடைய வரப்பை ஊர் முன்னால் தானே காட்டிக்கொண்டு நின்றது. பிறகு எத்தனையோ நல்ல கருவிகளில் இதையே பார்த்திருக்கிறேன். இவ்வளவு அழகாகப் பார்த்ததில்லை.

பேராசிரியர் கடிகாரத்தைப் பைக்குள் போட்டார். "இப்போ உன் எண்ணெயை விடு" என்றார். குரலில் ஓர் அவசரம் இருந்தது.

சுத்தமான பக்கத்தில் இறங்கி எண்ணெய் விட, தலையில் எண்ணெய் வைக்காத ஆள் வேண்டும். ஊரிலேயே அப்படி இரண்டு பேர்தான். ஒருவர் மெட்ராஸ் பேராசிரியர். இன்னொருத்தி நான். படியில் இறங்கி, மிச்சமிருந்த பவுடரைத் தூவி, ஒரே ஒரு தேக்கரண்டி விட்டேன். அடுத்த நொடி அது பாய்ந்தது. சிற்றலைகள் ஒன்றன்பின் ஒன்றாக அடங்கிக்கொண்டே போக, பவுடர் தூசி வட்டமாகத் தெறித்து ஓடியது. கரையில் கூக்குரல் எழுந்தது. அப்பா பிரியை விட்டுவிட்டுக் கையை உயர்த்தினார்.

இத்தோடு நான் மேலே ஏறி வந்திருக்கலாம். எப்படி ஏறுவேன்? ஊர் பக்கம் திரும்பி, கரண்டியைத் தலைக்கு மேல் தூக்கிக் காட்டினேன். நான் நின்ற படி, இரண்டு நாளாக ஊரார் எண்ணெயும் சீயக்காயும் வழித்து விட்ட படி. கால் சறுக்கியது. கல்லூரிப் பட்டுச் சேலையோடு, கரண்டியோடு, தலைகீழாகக் குளத்தில் விழுந்தேன்.

எனக்கு நீச்சல் தெரியும். அந்தக் குளத்தில்தான் கற்றுக்கொண்டேன். கற்றுக்கொடுத்தவர்கள் பாதிப் பேர் கரையிலேயே நின்றார்கள். ஆனால் அப்பா "அய்யோ, எம் பொண்ணு!" என்று அலறியதும் ஒருவருக்கும் அது நினைவுக்கு வரவில்லை. பிரியைப் பிடித்திருந்த நாற்பது பேரும் அதைக் கைவிட்டுவிட்டு, நாற்பது எண்ணெய்த் தலைகளோடு, என்னைக் காப்பாற்றச் சுத்தமான தண்ணீரில் குதித்தார்கள். ஒதுக்கி வைத்திருந்த எண்ணெயும் இதுதான் சமயம் என்று திரும்பி வந்தது. நான் தலையை நீட்டி மூச்சு விட்டுப் பார்க்கும்போது குளம் மறுபடியும் கண்ணாடியாகிவிட்டது. அளப்பதற்கு ஒரு சாண்கூட மிச்சமில்லை.

அத்தை தன் முந்தானையால் என் தலையைத் துவட்டினாள். "இப்பதான் நீயும் எண்ணெ தேச்சுக் குளிச்சாப்ல இருக்க" என்றாள்.

பஸ் வரும் வரை பேராசிரியர் கன்னத்தை உள்ளுக்கு இழுத்துக்கொண்டே இருந்தார். சிரிப்பை அடக்கினார் என்று பின்னால்தான் தெரிந்தது. ஏறுவதற்கு முன் ஒன்று மட்டும் கேட்டார்.

"அந்த வைக்கோல் பிரி உன் யோசனையா?"

ஆமாம் என்று சொல்ல எனக்கு ரொம்ப ஆசை. ஈரச் சேலையோடு நின்றுகொண்டு எவ்வளவு பெரிய பொய்யையும் சொல்லிவிடலாம் போலிருந்தது. "இல்ல சார். எங்கப்பாவோடது" என்றேன்.

அவர் அப்பாவைத் திரும்பிப் பார்த்துக் கும்பிட்டார். அப்பா எண்ணெய்க் கையை வேட்டியில் துடைத்துவிட்டுத் திருப்பிக் கும்பிட்டார்.

இரண்டு வாரம் சோறு இறங்கவில்லை. கல்லூரியில் கண்ணாடி கூட்டிக்கொண்டிருந்தபோது கடிதம் வந்தது. இடம் எனக்குத்தான். "அளவு எதுவும் கிடைக்காத ஒரு பரிசோதனையில் நான் இவ்வளவு பார்த்ததில்லை" என்று எழுதியிருந்தார். கீழே ஒரு நிபந்தனை: "இனி எந்தப் பரிசோதனை நடக்கும் நாளும் உன் தகப்பனாருக்கு முன்கூட்டித் தெரியக் கூடாது." அப்பா அந்தக் கடிதத்தை வாங்கிக் கண்ணாடிச் சட்டம் போட்டு வீட்டில் மாட்டிவிட்டார். வருகிறவர்களிடம் எனக்கு இடம் கிடைத்ததைச் சொல்லமாட்டார். கடைசி வரியைக் காட்டி, "மெட்ராஸ்காரரு எம்பேரை எளுதியிருக்காரு பாரு" என்பார்.

அதற்குப் பிறகு முப்பது வருஷம் மேற்பரப்புகளோடுதான் என் வாழ்க்கை போயிற்று. எத்தனையோ பேருக்குச் சொல்லிக் கொடுத்தேன். என் குடும்பத்துக்கு மட்டும் ஒன்றும் புரிய வைக்க முடியவில்லை. அன்று நடந்ததிலிருந்து அவர்கள் கற்றுக்கொண்ட பாடம் ஒன்றுதான்: முக்கியமான நாளில் தலையில் எண்ணெய் வைத்தால் காரியம் கெட்டுப் போகும். பரீட்சைக்குப் போகிறவர், இன்டர்வியூவுக்குப் போகிறவர், ஒருவரும் எங்கள் வீட்டில் எண்ணெய் தொடுவதில்லை. என் தம்பி மகன் கல்யாணத்தில் நலங்குக்கு எண்ணெய் வைக்க விடமாட்டோம் என்று மூன்று பேர் நின்றுவிட்டார்கள். பெண் வீட்டார் இது என்ன குலவழக்கம் என்று கேட்டபோது, எல்லோரும் என்னைக் கை காட்டினார்கள். விஞ்ஞானத்தால் மூடநம்பிக்கையை ஒழிப்பார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். புதிதாக ஒன்றை உண்டாக்கிய விஞ்ஞானி எனக்குத் தெரிந்து நான் ஒருத்திதான்.

ஆராய்ச்சிப் பட்டத்துக்கு எனக்கு வாய்மொழித் தேர்வு நடந்த அன்று, அப்பா விடியற்காலையில் மெட்ராஸ் வந்து ஹாஸ்டல் வாசலில் நின்றார். ராத்திரி முழுக்க ரயிலில் உட்கார்ந்தே வந்திருந்தார். வாழ்த்தெல்லாம் சொல்லவில்லை. என் தலையை ஒரு தடவை தொட்டுப் பார்த்தார்.

"எண்ணெ வெக்கலியே?"

"இல்லப்பா."

அன்றைக்குக் குளமும் இல்லை, கரண்டியும் இல்லை. நாலு பேர் கேள்வி கேட்பார்கள், நான் பதில் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். எண்ணெய்க்கும் அதற்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது என்று விளக்கச் சொன்னால் மூன்று மணி நேரம் விளக்குவேன். ஆனால் நான் எண்ணெய் வைக்கவில்லை. ஒரு வாரமாகவே வைக்கவில்லை.